வீசிஎஸ்ஸில் பாஸ் ஆகும் டெஸ்ட்பெஞ்ச் குவெஸ்டாவில் ஏன் விழுகிறது? சிமுலேட்டர் மாற்றுவோருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கோவை பீளமேட்டிலிருந்து வந்தது. நூற்பாலை இயந்திரங்களுக்கான மோட்டார் கன்ட்ரோலர் ஐபி (சிப்பில் சேர்க்கத் தயாரான டிசைன் பகுதி) ஒன்றைச் செய்யும் சின்னக் குழு. டிசைனைச் சோதிக்கும் கோடான டெஸ்ட்பெஞ்ச், யூவிஎம் 1.2 என்ற சிஸ்டம்வெரிலாக் சோதனை லைப்ரரியை வைத்து எழுதப்பட்டு, வீசிஎஸ் என்ற சிமுலேட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க டிபிஐ (சிஸ்டம்வெரிலாக்கையும் சி மொழியையும் இணைக்கும் வழி) மூலமாக ஒரு சி மாடலும் இணைந்திருக்கிறது. பெங்களூரில் உள்ள வாடிக்கையாளர் குவெஸ்டா என்ற வேறு சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டச் சொல்கிறார். மாற்றிப் பார்த்தால் முதலில் ஏகப்பட்ட கம்பைல் எரர். அவற்றை அடக்கிய பிறகு சில டெஸ்ட் ஃபெயில். அதே சீட் (ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்) கொடுத்தாலும் வேறு டிராஃபிக். "எந்த சுவிட்ச் போட்டா வீசிஎஸ் மாதிரியே ஓடுமுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு சுவிட்ச் இல்லை. தேடவும் வேண்டாம். சிஸ்டம்வெரிலாக் மொழியின் விதிநூலான எல்ஆர்எம், அதாவது ஐட்ரிபிள்இ 1800, பல இடங்களில் "எந்த வரிசையில் நடந்தாலும் சரி" என்று சிமுலேட்டருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. வீசிஎஸ் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்கும், குவெஸ்டா இன்னொன்றை, மூன்றாவது சிமுலேட்டரான எக்ஸீலியம் வேறொன்றை. மூன்றுமே விதிப்படி சரியானவை. உங்கள் டெஸ்ட்பெஞ்ச் தெரியாமலே அதில் ஒன்றை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. பாவில் இருக்கும் கோளாறு வேறு தறியில் ஏற்றும்போது வெளியே வருவதைப் போலத்தான் இதுவும். திருத்த வேண்டியது டெஸ்ட்பெஞ்ச் கோடைத்தான். சுவிட்சால் மூடிவிட்டால், அடுத்த வெர்ஷன் வீசிஎஸ்ஸிலேயே அதே கோளாறு வரலாம்.

வேலையைத் தொடங்க வேண்டிய இடம், கம்பைல் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான ஃபைல் லிஸ்ட். பொதுவான லிஸ்டில் ஃபைல் பெயர்கள், +இன்க்டிர்+ (இன்க்ளூட் ஃபைல்களைத் தேடும் இடம்), +டிஃபைன்+ (மேக்ரோ மதிப்பு) இவை மட்டும் இருக்கட்டும். மூன்று டூலுக்கும் இவை புரியும். டூலுக்கே உரிய சுவிட்சுகள் தனித்தனி ஸ்கிரிப்டில் போகட்டும். லிஸ்டைச் சின்ன எஃப் போட்டு அழைத்தால் பாதைகள் நீங்கள் ரன் செய்யும் டைரக்டரியிலிருந்து கணக்கிடப்படும். பெரிய எஃப் போட்டால் லிஸ்ட் இருக்கும் இடத்திலிருந்து. வாடிக்கையாளரின் டைரக்டரி அமைப்பு உங்களுடையதைப் போல இருக்காது, ஆகவே பெரிய எஃப்தான் பாதுகாப்பு.

அடுத்தது கம்பைலேஷன் யூனிட், அதாவது கம்பைலர் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஃபைல்களின் தொகுதி. உங்கள் கம்பைல் எரர்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வந்திருக்கும். வீசிஎஸ் ஒரே கமாண்டில் கொடுத்த எல்லா ஃபைலையும் ஒரே யூனிட்டாகப் பார்க்கும். குவெஸ்டாவின் கம்பைல் கமாண்டான வீலாக், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு ஃபைலையும் தனி யூனிட்டாக எடுக்கும். ஆகவே முதல் ஃபைலில் போட்ட மேக்ரோவும், மாட்யூலுக்கு வெளியே எழுதிய டைப்டெஃபும் இரண்டாவது ஃபைலுக்குத் தெரியாது. எல்லா ஃபைலையும் ஒரே யூனிட்டாக்கும் எம்எஃப்சியு சுவிட்ச் போட்டால் எரர் போய்விடும். முதல் நாள் நிலவரம் பார்க்க அது போதும். நிலையான தீர்வு: டைப்டெஃப், கான்ஸ்டன்ட், ஃபங்ஷன் எல்லாம் பேக்கேஜுக்குள், மேக்ரோக்கள் ஒரு ஹெடரில், தேவைப்படும் ஒவ்வொரு ஃபைலும் அதை இன்க்ளூட் செய்யட்டும்.

இங்கே சத்தமில்லாத ஒரு பொறி இருக்கிறது. கிளாஸ் எழுதிய ஃபைலைச் சுற்றி இஃப்என்டெஃப் கார்டு (ஒரே யூனிட்டில் இரண்டாம் முறை சேராமல் தடுக்கும் வரிகள்) போட்டு, அதை இரண்டு பேக்கேஜ்களில் இன்க்ளூட் செய்திருந்தால் கவனியுங்கள். ஒரே யூனிட்டாகக் கம்பைல் ஆகும்போது முதல் பேக்கேஜில் மட்டும் கிளாஸ் இருக்கும். இரண்டாவதில் கார்டு அதைத் தடுத்துவிடும். தனி யூனிட்டுகளாக ஆகும்போது இரண்டிலும் இருக்கும். பெயர் ஒன்றுதான், ஆனால் மொழியின் பார்வையில் அவை இரண்டு வெவ்வேறு டைப்புகள். பிறகு $காஸ்ட் (டைப் மாற்றம்) தோற்கும், ஃபேக்டரி ஓவர்ரைடு (யூவிஎம்மில் ஒரு கிளாஸுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது) வேலை செய்யாது, எரர் மெசேஜ் எங்கோ தொலைவில் வரும். கிளாஸ் ஃபைல் ஒரே ஒரு பேக்கேஜில் மட்டும் இன்க்ளூட் ஆகட்டும். மற்றவை அந்தப் பேக்கேஜை இம்போர்ட் செய்யட்டும்.

டிலேக்களின் நேர அலகையும் துல்லியத்தையும் சொல்லும் டைம்ஸ்கேலும் இதே ரகம். `டைம்ஸ்கேல் வரி இல்லாத ஃபைல், தனக்கு முன்னால் கம்பைல் ஆன ஃபைலின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஃபைல் வரிசையோ யூனிட் பிரிப்போ மாறினால் மதிப்பும் மாறும். அந்த வரி சில மாட்யூல்களில் இருக்க, சிலவற்றில் இல்லாவிட்டால் வீசிஎஸ் ஐடிஎஸ்எஃப்எம் என்ற எரரைத் தரும். எக்ஸீலியம் சியுஎம்எஸ்டிஎஸ் என்று புகார் சொல்லும். எரர் வந்தால் நல்லது. வராமல் தவறான மதிப்பு உள்ளே போவதுதான் ஆபத்து. 133.33 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அரைப் பீரியட் 3.75 நானோ செகண்ட். பிரெசிஷன் 1 நானோவாக இருந்தால் அது 4 ஆக ரவுண்ட் ஆகும். கிளாக் 125 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். உங்களுடையது போன்ற மோட்டார் கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம் டெட்-டைம் (இரண்டு பவர் சுவிட்சுகளும் அணைந்திருக்கும் இடைவெளி) கிளாக் எண்ணிக்கையில் அளக்கப்படுவதால் செக்கர் பாஸ் சொல்லிவிடும், நானோ செகண்டில் அளந்தால்தான் தவறு தெரியும். கமாண்ட் லைனில் டைம்ஸ்கேல் கொடுப்பதை நம்பாமல், ஒவ்வொரு மாட்யூல், இன்டர்ஃபேஸ், பேக்கேஜ் உள்ளேயும் டைம்யூனிட் 1 நானோ, டைம்பிரெசிஷன் 1 பைக்கோ என்று எழுதுங்கள். கிளாஸுக்குள் எழுதிய டிலே, அந்தக் கிளாஸ் இருக்கும் பேக்கேஜின் டைம்யூனிட்டைத்தான் எடுக்கும், அதை அழைக்கும் மாட்யூலுடையதை அல்ல. இதை மறந்து குழம்புவோர் நிறையப் பேர்.

இனி டூலின் கண்டிப்பு. இன்ட் மதிப்பை ஈனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) டைப்புக்கு காஸ்ட் இல்லாமல் கொடுப்பது, ஸ்டேட்மென்டுக்குப் பிறகு டிக்ளரேஷன் எழுதுவது, டிக்ளேர் செய்யும் முன்பே ஒரு சிக்னலைப் பயன்படுத்துவது: ஒரு டூல் வார்னிங்கோடு விடும், இன்னொன்று நிறுத்திவிடும். இவை அலுப்பான வேலை, அவ்வளவுதான். உட்கார்ந்து திருத்திவிடலாம்.

ஒன்றை மட்டும் அடக்கவே கூடாது. மாட்யூலிலோ இன்டர்ஃபேஸிலோ உள்ள டாஸ்க்குக்குள் "இன்ட் கவுன்ட் = 0;" என்று எழுதியிருந்தால், ஆட்டோமேட்டிக் என்று போடாதவரை அது ஸ்டாடிக். அந்த 0 சிமுலேஷன் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே போடப்படும். டாஸ்க்கை இரண்டாம் முறை அழைக்கும்போது பழைய மதிப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் எல்ஆர்எம் அங்கே ஸ்டாடிக் அல்லது ஆட்டோமேட்டிக் என்று வெளிப்படையாக எழுதச் சொல்கிறது. குவெஸ்டா இதைக் குறிப்பிட்டு வார்னிங்கோ எரரோ தரும். மெசேஜ்களை மறைக்கும் சப்ரஸ் லிஸ்டில் அதன் எண்ணைச் சேர்த்துவிட்டு நகர்ந்தால், உண்மையான பக் ஒன்றை நீங்களே மூடி வைத்தது போலாகிவிடும். ஒவ்வொன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் என்ற ஒரு சொல் போதும்.

அசெர்ட்டுக்குள் ரேண்டமைஸ் எழுதும் பழக்கமும் இப்படித்தான். அசெர்ஷன்களை அணைத்து ஓட்டும் ஸ்கிரிப்ட் வாடிக்கையாளரிடம் இருந்தால் உள்ளே இருக்கும் ரேண்டமைஸ் ஓடாமலே போகலாம். எரர் வராது, எல்லா டிரான்ஸாக்ஷனும் பூஜ்யமாகப் போகும். இஃப் போட்டு, தோற்றால் யூவிஎம் ஃபேட்டல் கொடுங்கள்.

கம்பைல் முடிந்து ரன் தொடங்கியதும் ஃபெயில் ஆகும் டெஸ்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ரேஸ், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டில் எது முந்தும் என்று உறுதியில்லாத நிலை. இங்கே பொறுமை வேண்டும். டிசைனுக்கு சிக்னல் கொடுக்கும் டிரைவர், கிளாக் எட்ஜுக்குக் காத்திருந்து, வேலிட் சிக்னலை "=" போட்டு 1 ஆக்குகிறது. அதே எட்ஜில் டிசைனின் ஆல்வேஸ் பிளாக் வேலிட்டைப் படிக்கிறது. இரண்டும் ஆக்டிவ் ரீஜனில் (ரீஜன் என்பது ஒரே நேரத்துக்குள் சிமுலேட்டர் வேலைகளைப் பிரிக்கும் கட்டம்) நடக்கின்றன. எது முதலில் என்று எல்ஆர்எம் சொல்வதில்லை. ஒரு டூலில் டிசைன் பழைய மதிப்பைப் பார்க்கும், மற்றதில் புதியதை. ஒரு கிளாக் வித்தியாசம். எதிர்பார்த்ததையும் வந்ததையும் ஒப்பிடும் ஸ்கோர்போர்டு அங்கே விழும்.

சிலர் எல்லா இடத்திலும் #1 போட்டுச் சரிசெய்வார்கள். அது டைம்ஸ்கேலைப் பொறுத்தது, மேலே சொன்ன சிக்கலையும் இழுத்து வரும். #0 அதைவிட மோசம், ரேஸை ஒரு படி தள்ளி வைக்கிறது, அவ்வளவே. சரியான வழி இன்டர்ஃபேஸில் கிளாக்கிங் பிளாக் (எட்ஜை வைத்து எப்போது படிப்பது, எப்போது மாற்றுவது என்று வரையறுக்கும் பகுதி). இன்புட் #1ஸ்டெப் என்றால் எட்ஜுக்குச் சற்று முந்தைய மதிப்பு எடுக்கப்படும். அவுட்புட் #0 என்றால் டிசைன் படித்து முடித்த பிறகு மாறும்.

கிளாக்கிங் பிளாக் வைத்திருந்தும் ரேஸ் வருகிறதென்றால் பெரும்பாலும் இதுதான்: காத்திருப்பது போஸ்எட்ஜ் (0-விலிருந்து 1-க்கு ஏறும் எட்ஜ்) கிளாக்குக்கு, படிப்பது கிளாக்கிங் பிளாக் வழியாக. கிளாக்கிங் பிளாக்கின் இன்புட் அப்சர்வ்டு ரீஜனில்தான் புதுப்பிக்கப்படுகிறது. போஸ்எட்ஜில் விழித்த பிராசஸ் அதற்கு முன்பே ஓடிவிடுவதால் முந்தைய சைக்கிளின் மதிப்பைப் பார்க்கும். காத்திருப்பதும் கிளாக்கிங் பிளாக்கின் ஈவென்டுக்கே இருக்கட்டும். டிரைவரிலும், சிக்னல்களைக் கவனிக்கும் மானிட்டரிலும் "போஸ்எட்ஜ்" என்று தேடிப் பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்குரியது.

டிசைன் பக்கமும் குற்றம் இருக்கலாம். கிளாக் டிவைடர், கிளாக் கேட் போன்றவற்றில் கிளாக்கை "<=" போட்டு உருவாக்கியிருந்தால், அந்தக் கிளாக்கின் எட்ஜும் முந்தைய ஃப்ளாப்பின் டேட்டாவும் நான்-பிளாக்கிங் மதிப்புகள் பதியும் ஒரே என்பிஏ ரீஜனில் மாறும். கிளாக்கை "=" அல்லது அசைன் வழியாக உருவாக்குங்கள், டேட்டாவை "<=" வழியாக.

நேரம் பூஜ்யத்தில் நடப்பதைத் தனியாகப் பாருங்கள். லாஜிக் டைப்பில் ரீசெட்டை இனிஷியல் பிளாக்கில் 0 ஆக்கினால் எக்ஸிலிருந்து (தெரியாத மதிப்பு) 0-க்கு மாறுவது நெக்எட்ஜாகக் கணக்காகும். ஆனால் அந்த நெக்எட்ஜுக்காக ஆல்வேஸ் பிளாக் ஏற்கெனவே காத்திருக்கிறதா, இன்னும் தொடங்கவே இல்லையா என்பது டூலைப் பொறுத்தது. ஒன்றில் ஃப்ளாப் ரீசெட் ஆகும், மற்றதில் முதல் கிளாக் வரை எக்ஸாகவே இருக்கும். ரீசெட்டை 1-இல் தொடங்கி சில நானோ செகண்ட் கழித்து 0 ஆக்குங்கள், அல்லது பூஜ்யத்திலேயே வேண்டுமென்றால் "<=" பயன்படுத்துங்கள். ஸ்டாடிக் வேரியபிள்களின் தொடக்க மதிப்பும் இதே வகை: ஒரு பேக்கேஜின் ஸ்டாடிக் வேரியபிள் இன்னொரு பேக்கேஜின் ஸ்டாடிக் வேரியபிளை நம்பியிருந்தால், எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்தத் தொடக்க வேலையை, டெஸ்ட்பெஞ்ச் கட்டப்படும் யூவிஎம் பில்ட் ஃபேஸுக்கு நகர்த்திவிடுங்கள்.

ரேஸைக் கண்டுபிடிக்க வேவ்ஃபார்மை முழுக்க உருட்ட வேண்டாம். ஒவ்வொரு மானிட்டரும் டிரான்ஸாக்ஷனை ஒரு வரியாக, நேரத்தைப் பைக்கோ செகண்டில் போட்டு, டெக்ஸ்ட் ஃபைலில் எழுதட்டும். $டைம்ஃபார்மட்டை நீங்களே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் %டி எல்லா மாட்யூல்களிலும் உள்ள மிகச் சிறிய பிரெசிஷனைப் பொறுத்து அச்சாகும், லாக் ஒப்பிட முடியாது. இரண்டு டூலின் ஃபைலையும் டிஃப் போடுங்கள். முதலில் வேறுபடும் வரியின் நேரத்துக்கு மட்டும் வேவ் திறந்து, அந்த டைம்ஸ்டெப்பை டெல்டா (ஒரே நேரத்துக்குள் நடக்கும் சிறு படி) வாரியாக விரித்துப் பாருங்கள். வீசிஎஸ்ஸில் ரேஸ் சுவிட்ச் போட்டு ஓட்டினால் அதுவே ஒரு ரிப்போர்ட் தரும். அதில் பொய் அலாரம் நிறைய இருக்கும் என்றாலும் டிரைவர் ஃபைல்களின் பெயர் அதில் வருகிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

ஆனால் அந்த டிஃப் அர்த்தமுள்ளதாக இருக்க, இரண்டிலும் ஒரே ஸ்டிமுலஸ் போக வேண்டும். சீட் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. எல்ஆர்எம்மில் $ரேண்டம் என்பதற்கும் $டிஸ்ட் வகை ஃபங்ஷன்களுக்கும் அல்காரிதம் சி கோடாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது; சீட் வேரியபிளைக் கொடுத்து அழைத்தால் எல்லா டூலிலும் ஒரே வரிசை வரும். $யூரேண்டம், ரேண்டமைஸ் ஆகியவற்றுக்கு அப்படி இல்லை. ரேண்டம் ஸ்டெபிலிட்டி என்று எல்ஆர்எம் சொல்வது ஒரே சிமுலேட்டருக்குள் மட்டும் செல்லும் உறுதி. வீசிஎஸ்ஸின் சீட் 17-உம் குவெஸ்டாவின் சீட் 17-உம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள். இதை எந்த சுவிட்சும் மாற்றாது.

செய்ய வேண்டியது: வீசிஎஸ் ரன்னில் சீக்வென்ஸ் ஐட்டங்களை (டிரைவருக்கு அனுப்பும் டிரான்ஸாக்ஷன்கள்) ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். $வேல்யூ$பிளஸ்ஆர்க்ஸ் வழியாக ஒரு பிளஸ்ஆர்க் (கமாண்ட் லைனில் + போட்டுக் கொடுக்கும் மதிப்பு) வந்தால், ரேண்டமைஸ் செய்வதற்குப் பதில் அந்த ஃபைலிலிருந்து படித்து அனுப்பும் ரீப்ளே சீக்வென்ஸ் ஒன்றை எழுதுங்கள். பேஸ் சீக்வென்ஸ் ஒன்றில் மாற்றினால் போதும், பெரிய வேலையல்ல. இடைவெளிக்கான டிலே, பர்ஸ்ட் நீளம் ஆகியவையும் அந்த ஐட்டத்திலேயே இருக்க வேண்டும். டிரைவருக்குள் தனியாக $யூரேண்டம் அழைத்து டிலே எடுத்தால் ரீப்ளே பயன்படாது. ரீப்ளேயில் இரண்டு டூலும் ஒத்துப்போன பிறகு ரேண்டமுக்குப் போங்கள். "சீட் 4412-இல் மட்டும் அந்த ஓவர்கரன்ட் கேஸ் பிடிபடும்" என்று வைத்திருந்தால், அதை டைரக்டட் சீக்வென்ஸாக எழுதிவிடுங்கள். கான்ஸ்ட்ரெயின்டில் ஒரு வரி மாறினால் வீசிஎஸ்ஸிலேயே அது காணாமல் போய்விடும்.

கிளாஸ் ஹேண்டிலை இன்டெக்ஸாக வைத்த அசோசியேட்டிவ் அரே இருந்தால் அதையும் பாருங்கள். ஃபோர்ஈச் அதை எந்த வரிசையில் சுற்றும் என்பது டூலைப் பொறுத்தது. ஸ்கோர்போர்டு அந்த வரிசையை நம்பினால் ஒன்றில் பாஸ், ஒன்றில் ஃபெயில். ஸ்ட்ரிங் அல்லது இன்ட் இன்டெக்ஸுக்கு மாற்றிவிட்டால் வரிசை உறுதி. ஃபோர்க் ஜாயின்_நன் போட்ட பிள்ளை பிராசஸ்களில் எது முதலில் ஓடும் என்பதும் உறுதியில்லை. ஈவென்டுக்கு @ போட்டுக் காத்திருக்கும் இடங்களில், அதே நொடியில் ட்ரிகர் நடக்க வாய்ப்பிருந்தால், வெயிட் போட்டு ட்ரிகர்ட் பார்க்கும் முறைக்கு மாற்றுங்கள்.

யூவிஎம் லைப்ரரி விஷயத்தில், ஒவ்வொரு டூலும் தன்னோடு கம்பைல் செய்த யூவிஎம்மைத் தருகிறது. அதில் டிரான்ஸாக்ஷன் ரெகார்டிங் போன்ற அவரவர் சேர்க்கைகள் உண்டு. ஒப்பிடும் காலத்தில் தர அமைப்பான அக்செலெரா வெளியிட்ட 1.2 சோர்ஸையே இரண்டிலும் கம்பைல் செய்யுங்கள். வித்தியாசத்துக்கான காரணங்களில் ஒன்று குறையும். ரெஜிஸ்டர் மாடலில் பேக்டோர் (பஸ் வழியாகப் போகாமல் ரெஜிஸ்டரை நேரடியாகப் படிப்பது, எழுதுவது) இருந்தால் அதற்கான சி ஃபைல் டூலுக்கு டூல் வேறு. ஆப்டிமைசேஷனில் ரெஜிஸ்டரின் பெயரே மறைந்துவிட்டால் பேக்டோர் "பாத் இல்லை" என்று தோற்கும். பெயர் மறையாமல் திறந்து வைக்கும் சுவிட்ச்: வீசிஎஸ்ஸில் டீபக் ஆக்சஸ், குவெஸ்டாவில் +ஏசிசி, எக்ஸீலியத்தில் ஆக்சஸ் +ஆர்டபிள்யூசி. மொத்த டிசைனுக்கும் திறந்தால் வேகம் விழும். ரெஜிஸ்டர் பிளாக்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

எஃப்எஸ்டிபி, எஸ்ஹெச்எம், வீசிடி-பிளஸ் போன்ற வேவ்ஃபார்ம் டம்ப் கமாண்டுகளும், சிக்னல் ஃபோர்ஸ் செய்யும் டூல்-சார்ந்த சிஸ்டம் டாஸ்க்குகளும் கோடு முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஒரே ஃபைலுக்குக் கொண்டுவாருங்கள். வீசிஎஸ், குவெஸ்டா, எக்ஸீலியம் மேக்ரோக்களை வைத்து அங்கே மட்டும் இஃப்டெஃப் பிரியட்டும். குவெஸ்டாவுக்கு மாடல்_டெக் என்ற மேக்ரோவும் உண்டு.

சி மாடல் பகுதியில் பார்க்க வேண்டியது ஐந்து. ஹெடரைக் கையால் எழுதியிருந்தால், டூலையே உருவாக்கச் சொல்லி அதோடு ஒப்பிடுங்கள். சிஸ்டம்வெரிலாக்கின் லாங்இன்ட்டுக்கு சியில் 64 பிட் டைப்பைப் பயன்படுத்துங்கள். வெறும் லாங் என்று எழுதினால் பிளாட்ஃபார்முக்கு ஏற்ப அளவு மாறும். பிட் திருப்பித் தரும் சி ஃபங்ஷன் 0 அல்லது 1 மட்டுமே தர வேண்டும். மேல் பிட்களில் குப்பை இருந்தால் ஒரு டூல் கடைசி பிட்டை மட்டும் பார்க்கும், இன்னொன்று முழு பைட்டையும் உண்மை என்று எடுத்துவிடும். சியிலிருந்து சிஸ்டம்வெரிலாக் ஃபங்ஷனை அழைக்கிறீர்கள் என்றால் இம்போர்ட்டில் கான்டெக்ஸ்ட் கட்டாயம். அது இல்லாமலே ஒரு டூலில் ஓடியது என்பது சமாதானம் ஆகாது. டூலோடு வரும் ஜிசிசி கம்பைலரிலேயே கம்பைல் செய்யுங்கள், இல்லாவிட்டால் சிஸ்டம் ஜிசிசியின் சி++ லைப்ரரி வெர்ஷன் ஒத்துப்போகாமல் லோட் ஆகும்போது விழலாம்.

கவரேஜ் (எவ்வளவு சோதிக்கப்பட்டது என்ற கணக்கு) டேட்டாபேஸை ஒரு டூலிலிருந்து இன்னொன்றுக்கு மெர்ஜ் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அக்செலெரா 2012-இல் கவரேஜ் டேட்டாவுக்காக யூசிஐஎஸ் என்ற தரத்தை வெளியிட்டது. அன்றாட வேலையில் வீசிஎஸ்ஸின் விடிபியையும் குவெஸ்டாவின் யூசிடிபியையும் அது ஒன்றாக்கித் தராது. எக்ஸ்க்ளூஷன் ஃபைல்களைப் புதிதாக எழுத வேண்டும். கோடு கவரேஜ் சதவீதம் இரண்டிலும் ஒன்றாக வராது, ஏனென்றால் எக்ஸ்பிரஷனையும் டாகிளையும் ஒவ்வொன்றும் வேறு விதமாக எண்ணுகிறது. ஃபங்ஷனல் கவரேஜ் மட்டும் ஒப்பிடத்தக்கது. அதற்கும் பின்களை (மதிப்புகளை எண்ணும் பெட்டிகள்) நீங்களே பெயரிட்டு எழுதியிருக்க வேண்டும். ஆட்டோ பின்களை நம்பினால் பெயர்கள் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

கல்லூரி லேபிலோ வீட்டிலோ இலவச டூல்களில் இதை ஓட்ட நினைப்பவர்களுக்கு: ஐகாரஸில் கவர்குரூப்பும் கான்ஸ்ட்ரெயின்ட் ரேண்டமும் எதிர்பார்க்க வேண்டாம். வெரிலேட்டர் 2022-இல் வந்த 5-ஆம் வெர்ஷனிலிருந்து டிலே, ஃபோர்க் போன்றவற்றை டைமிங் சுவிட்சோடு ஏற்கிறது. ஆனால் அது இரண்டு நிலை (0, 1 மட்டும்) சிமுலேட்டர். எக்ஸ் பரவுவதை நம்பிய செக்கர் அங்கே எதையும் பிடிக்காது. ரீசெட் ஆகாத ஃப்ளாப்பைக் காண, தொடக்க மதிப்புகளை ரேண்டமாக்கும் சுவிட்ச் போட்டு வேறு வேறு சீட்டில் ஓட்டிப் பாருங்கள். கோகோடிபி என்ற லைப்ரரி வழியாக டெஸ்ட்பெஞ்சைப் பைத்தானில் எழுதினால் டூல் மாற்றம் எளிதாகும், ரைட்-ரீட் ஃபேஸ் ரேஸ்கள் அங்கேயும் உண்டு.

கடைசியாக, பாஸ்-ஃபெயில் முடிவு. சிமுலேட்டரின் எக்ஸிட் கோடை நம்பாதீர்கள். யூவிஎம் எரர் வந்தாலும் பல நேரம் 0 திரும்பும். லாக்கின் கடைசியில் யூவிஎம் ரிப்போர்ட் சம்மரி இருக்கிறதா, எரரும் ஃபேட்டலும் 0-வா, டூலின் சொந்த எரர் வரிகள் இல்லையா, இந்த மூன்றையும் ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். சம்மரியே இல்லாத லாக் ஃபெயில்தான். லைசென்ஸ் கிடைக்காமல் தொடக்கத்திலேயே நின்ற ரன் எரர் எண்ணிக்கை 0 என்பதால் பாஸ் பட்டியலில் ஏறிவிடக் கூடாது.

வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது பொதுவான ஃபைல் லிஸ்ட், இரண்டு டூலுக்குமான ஸ்கிரிப்ட், ஓட்டிய டூல்களின் துல்லியமான வெர்ஷன் எண், ரீப்ளே ஃபைல்கள், சப்ரஸ் செய்த ஒவ்வொரு வார்னிங்குக்கும் ஒரு வரி காரணம், இவை எல்லாம் சேர்ந்து போகட்டும். என்கிரிப்ட் செய்த ஐபி ஏதாவது உள்ளே இருந்தால், அது வீசிஎஸ் கீ ஒன்றுக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். குவெஸ்டா கீயும் சேர்த்துப் பூட்டித் தர அந்த ஐபியைக் கொடுத்தவர்களால்தான் முடியும், அவர்களிடமிருந்து பதில் வர எடுக்கும் நாட்கள் உங்கள் கையில் இல்லை.